குற்றவாளி ஒரு ரப்பர் வில்லை!

கலவையிலுள்ள பொருள்களை ஹீலியம் ஓட்டத்தில் நீண்ட குழல் வழியே செலுத்திப் பிரிப்பது வாயுக் குரோமட்டோகிராப் கருவி. ஒவ்வொன்றும் வெளிவரும் நேரத்தைக் கொண்டே அதற்குப் பெயர் சொல்கிறோம். வாயுவின் அழுத்தம் தாழ்ந்தால் எல்லாம் தாமதிக்கும். காய்கறியில் கண்ட பூச்சிமருந்தின் பெயரே மாறிப்போகலாம்.

அழுத்தம் ஏறாதபோது பலரும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதியையே பழிக்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. மாதிரியைச் செலுத்தும் ஊசி ஒவ்வொரு முறையும் நுழைவாயிலின் சிலிகோன் ரப்பர் வில்லையைத் துளைக்கிறதே! நூறு முறை துளைபட்டது கசியாமல் என்ன செய்யும்? முதலில் அதை மாற்றவேண்டும். பின்னும் ஏறாவிட்டால், கருவி ஆறியபின் குழலைக் கழற்றி அவ்வாயை அடைத்துப் பார்க்கலாம். இப்போது அழுத்தம் ஏறினால் கசிவு குழலிலோ அதன் இணைப்பிலோதான். சோப்பு நீர் தடவிக் குமிழி தேடுவது மட்டும் வேண்டாம். அது உள்ளே புகுந்துவிடும்.