விமானியின் பெயருக்குப் பின் நிற்கும் எழுத்துகள்



மகனை அமெரிக்காவுக்கு விமானப் பயிற்சிக்கு அனுப்ப நாடியிருக்கும் சகோதரி ஒருவர், பயிற்சிப் பள்ளியொன்றின் விளம்பரத் தாளை இணைத்துக் கடிதம் எழுதியுள்ளார். வட்டிக் கடன் வேண்டாமென்று நகைகளை விற்கத் துணிந்திருக்கும் குடும்பம். "பி.பி.எல்., சி.பி.எல்., ஐ.ஆர்., எம்.இ. என்று எழுத்துகளாக அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் பணம் எதற்குப் போகிறது?" என்பது அவரது வினா. பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய வினாவே இது.

இவ்வெழுத்துகள் இரு வகையின. ஒன்று, விமானியின் படித்தரத்தைச் சொல்லும் உரிமம். மற்றொன்று, எந்த விமானத்தை, எத்தகைய வானிலையில் ஓட்டலாம் என்று அவ்வுரிமத்தின் மேல் சேர்க்கப்படும் தகுதி. இதனை 'ரேட்டிங்' என்பர்.

பி.பி.எல். தனியார் விமானி உரிமம். குடும்பத்தாரை ஏற்றிச் செல்லலாம். விமானம் ஓட்டியதற்குக் கூலி வாங்கலாகாது. சி.பி.எல். பெற்றவர் ஊதியத்திற்கு ஓட்டலாம். பெரிய பயணிகள் விமானத்தின் கேப்டனுக்குரியது ஏ.டி.பி.எல்.; இதற்கு 1,500 மணி நேரப் பறப்பு வேண்டும். (அமெரிக்கர் 'லைசென்ஸ்' என்னாமல் 'சர்டிபிகேட்' என்பதால் அங்கே இது ஏ.டி.பி. மட்டுமே.) 2009இல் பஃபலோ நகரருகே நேர்ந்த விபத்தில் 50 பேர் மாண்ட பின், 2013 முதல் அந்நாட்டுப் பயணிகள் விமானங்களில் துணை விமானிக்கும் ஏ.டி.பி. கட்டாயமாயிற்று. நம் நாட்டில் துணை விமானியாகச் சேர சி.பி.எல்.லும் உரிய ரேட்டிங்குகளும் போதும்.

அமெரிக்கச் சான்றில் ஏ.எஸ்.இ.எல். என்றிருந்தால், தரையில் இறங்கும் ஒற்றை எஞ்சின் விமானம், ஏ.எம்.இ.எல். என்றால் பல எஞ்சின் கொண்டது. விளம்பரத்திலுள்ள எம்.இ. இதனையே குறிக்கும்.

எல்லாவற்றிலும் ஊன்றிப் பார்க்க வேண்டியது ஐ.ஆர். என்னும் இரண்டெழுத்து. வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதி அது. அடிவானம் மறைந்துவிட்டால் நம் உட்காதே நம்மை ஏமாற்றும். விமானம் சாய்ந்து திரும்புகையில் நேராகப் போவதாகவே உடல் உணரும். 1999 ஜூலை 16 இரவு, அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு தாமே விமானம் ஓட்டிச் சென்றார். கடலின் மேல் இருளும் மூட்டமும். மூவரும் மாண்டனர். திசையுணர்வு பிறழ்ந்து விமானம் கட்டுமீறியதே காரணம் என்றது விசாரணை. அவரிடம் தனியார் உரிமம் இருந்தது, ஐ.ஆர். பயிற்சியோ பாதியில் நின்றது. அன்றைய பயணத்திற்குச் சட்டப்படி ஐ.ஆர். தேவைப்படவுமில்லை என்பதுதான் நெஞ்சை உறுத்துவது.

ஐ.ஆர். இல்லாத சி.பி.எல்.லுக்கு அமெரிக்காவிலேயே கட்டுப்பாடு உண்டு: கூலிக்குப் பயணிகளை இரவில் ஏற்றலாகாது, பகலிலும் 50 கடல் மைலுக்கு அப்பால் நெடுவழிப் பயணம் கொண்டு செல்லலாகாது.

சகோதரியே, இனித் தங்கள் கையிலுள்ள தாளுக்கு வருவோம். அதில் சி.பி.எல்.லுக்கு '190 மணி' என்றிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கு அமெரிக்க விதி அனுமதிக்கும் குறைந்த அளவு அது, ஆகவே பொய்யில்லை. ஆனால் தங்கள் மகன் திரும்பி வந்து இந்திய உரிமமாக மாற்ற வேண்டுமே! இந்திய விதி கேட்பது 200 மணி. எஞ்சிய 10 மணிக்கு மீண்டும் வாடகையும் ஆசிரியர் கூலியும் யார் தருவது? பயிற்சிப் பொறியில் அமர்ந்த நேரத்தையும் அந்த 190இல் சேர்த்திருந்தால் பள்ளம் இன்னும் பெரிது. வானில் பறக்கும் நேரம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏர்பஸ் ஏ320 போன்ற ஒவ்வொரு பெரிய விமானத்துக்கும் தனியே பெற வேண்டிய 'டைப் ரேட்டிங்' இத்தாளில் காணப்படவில்லை. அதற்குப் பெருந்தொகை பிறகு வேண்டியிருக்கும். ஊர் திரும்பியதும் விமான விதிகள் முதலிய பாடங்களில் இந்தியத் தேர்வுகளும் உண்டு.

நகையை விற்குமுன் மகனை இங்கேயே முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கண்ணிலோ காதிலோ தடை இருந்தால், அது கட்டணம் கட்டுமுன்னரே தெரிந்துவிடும்.