சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறாரா, போட்டிருக்கிறாரா?

சீன மொழி படிக்கும் ஒரு கொரிய மாணவர் "அவள் சிவப்பு உடை அணிந்திருக்கிறாள்" என்று எழுத நினைக்கிறார். அவர் எழுதியதைப் படிக்கும் சீன ஆசிரியருக்குக் கிடைப்பது "அவள் சிவப்பு உடையை மாட்டிக்கொண்டிருக்கிறாள்" என்ற அர்த்தம். ஹெச்எஸ்கே தேர்வின் நான்காம் நிலையில் படத்தைப் பார்த்து வாக்கியம் எழுதும் கேள்வி இருக்கிறது. அங்கே இந்தத் தப்பு வந்தால், படத்தில் நிம்மதியாக நிற்கிற பெண் வாக்கியத்தில் இன்னும் கையை நுழைத்துக்கொண்டிருப்பாள்!

இது ரெண்டு மூணு பேரோட பிரச்சினை இல்லை. 1992-ல் தென் கொரியாவும் சீனாவும் தூதரக உறவு தொடங்கியதிலிருந்து கொரியாவில் சீன மொழிக்கு மவுசு ஏறிவிட்டது. 2018-ல் சீனாவில் படித்த வெளிநாட்டு மாணவர்களில் கொரியர்கள்தான் முதலிடம், ஐம்பதாயிரத்துக்கும் மேல். இப்படித் தப்பு வந்தால் வகுப்பில் வழக்கமாகச் சொல்லும் காரணம் "தாய்மொழியில் யோசிக்காதே". எனக்கு இந்த அறிவுரை மேல் நம்பிக்கை இல்லை. தாய்மொழியில் இன்னும் ஒழுங்காக யோசித்திருந்தால் இந்தத் தப்பே வந்திருக்காது என்பதுதான் என் கட்சி.

கொஞ்சம் இலக்கணம் பார்ப்போம், பயப்பட வேண்டாம். சீனத்தில் வினைக்கு முன்னால் 'ட்ஸாய்' போட்டால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. வினைக்குப் பின்னால் 'ஜெ' ஒட்டினால், பெரும்பாலும் வேலை முடிந்து அதன் நிலை நீடிக்கிறது. 'ச்சுவான்' என்றால் உடுத்துவது. 'ட்ஸாய் ச்சுவான்' என்றால் உடுத்திக்கொண்டிருப்பது, 'ச்சுவான்ஜெ' என்றால் உடுத்தியிருப்பது.

கொரியத்திலும் ரெண்டு வடிவம் உண்டு. 'மொக்கோ இத்தா' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். 'அன்ஜா இத்தா' என்றால் உட்கார்ந்திருக்கிறார். 'இத்தா' என்பது நம்ம 'இரு' மாதிரியே வேலை செய்யும் துணைவினை. அப்போ 'கோ இத்தா'வுக்கு ட்ஸாய், 'அ இத்தா'வுக்கு ஜெ என்று டேபிள் போட்டுக் கொடுத்துவிடலாமே? சிக்கலே அங்கேதான். 'அ இத்தா' வடிவம் செயப்படுபொருள் வேண்டாத வினைகளோடு மட்டும்தான் வரும். உட்காருவது, நிற்பது, கதவு திறந்திருப்பது எல்லாம் ஓகே. உடுத்துவது என்றால் உடை என்ற செயப்படுபொருள் வந்துவிடுகிறது. அதனால் 'இப்கோ இத்தா' என்ற ஒரே வடிவம் உடுத்திக்கொண்டிருப்பதையும் சொல்கிறது, உடுத்தியிருப்பதையும் சொல்கிறது. கண்ணை மூடியிருப்பது, பையைக் கையில் வைத்திருப்பது எல்லாம் இதே கதை. ப்ரோகிராமிங் படித்தவர்களுக்கு ஒரே வரியில் சொன்னால், ஒரு ஃபங்ஷன் பெயரை ரெண்டு வேலைக்கு ஓவர்லோட் செய்திருக்கிறார்கள். கொரியர்களுக்கு இடம் பார்த்தாலே எது என்று புரிந்துவிடும். சீனத்துக்குப் போகும்போது மட்டும் எந்த வேலை என்று வாய் திறந்து சொல்லியாக வேண்டும்.

தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. 'சட்டை போட்டுட்டிருக்கான்', 'சட்டை போட்டிருக்கான்', ரெண்டும் வேற வேற. 'கதவு திறந்திருக்கு' என்பதும் சீனத்தின் 'மென் காய்ஜெ'யும் ஒட்டிப் பிறந்த மாதிரி. உடனே "பார்த்தியா, நாமதான் எல்லாருக்கும் மூத்தவங்க" என்று யாரும் வாட்ஸ்அப்பில் ஆரம்பிக்க வேண்டாம், அப்பா அம்மா ஃபார்வர்டே போதும். நாமும் வேறு இடத்தில் விழுவோம். 'அவன் வந்திருக்கான்' என்பதிலும் அதே 'இரு'தானே வருகிறது? அதை நம்பி, வருவதற்கான 'லாய்' வினையோடு ஜெ ஒட்டினால் தப்பு. அங்கே சீனம் கேட்பது 'ல' என்ற வேறு ஒட்டு. ஆக, தமிழ் மாணவரின் தப்பு ஒரு இடத்தில், கொரிய மாணவரின் தப்பு இன்னொரு இடத்தில். ரெண்டு பேருக்கும் ஒரே பாடப்பகுதி எப்படிப் பொருந்தும்?

பொருந்தும் என்று நினைத்துத்தான் பல பாடங்களில் 'ட்ஸாய்' என்றால் ஆங்கில 'இங்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஆங்கிலத்திலும் 'வேரிங்' என்றால் போட்டிருப்பது, அந்த 'இங்'கை ட்ஸாய் ஆக்கினால் கொரியர் விழுந்த அதே குழி. கொரிய மாணவர் கொரியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து சீனத்துக்கு வர வேண்டுமாம், அதுவும் ரெண்டு தடவையும் குழியில் விழுந்துவிட்டு.

இன்னொரு குழி, 'தெரியும்'. கொரியத்தில் 'அல்கோ இத்தா' என்பது சர்வ சாதாரணம், அப்படியே பெயர்த்தால் 'தெரிந்துகொண்டிருக்கிறேன்'. சீனத்தின் 'ஜிதாவ்' ட்ஸாயையும் ஏற்காது, ஜெயையும் ஏற்காது. இதற்குச் சிரிப்பவர்கள், ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங்கில் நம்ம பசங்க 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று சொன்னபோது கிடைத்த சிரிப்பையும் நினைத்துப் பார்க்கலாம். 'ரெண்டு அண்ணன் இருக்காங்க' என்று மனதில் ஓடுபவருக்கு அந்த வாக்கியத்தில் என்ன தப்பு என்று யாரும் விளக்கவில்லை, சிரிக்க மட்டும் செய்தார்கள்.

எதிர்த் திசையிலும் தப்பு வரும், அதை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. "என்ன பண்ற?" என்றால் "சாப்பிடுறேன்" என்று சொல்வோமே, கொரியரும் அப்படித்தான், சாதா நிகழ்காலத்திலேயே பதில் சொல்வார். அதே பழக்கத்தில் சீனத்தில் 'ட்ஸாய்' விட்டுப்போகும். அப்போது வரும் வாக்கியம் இப்போது நடப்பதைச் சொல்லாமல் வழக்கத்தைச் சொல்வது போல ஆகிவிடும்.

1967-லேயே பிட் கார்டர் என்ற மொழியியலாளர், கற்பவரின் தவறுகள் அவர் மனதில் ஓடும் விதியைக் காட்டும் தடயங்கள் என்று வாதிட்டார். அதன்படி பார்த்தால் ஆசிரியர் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. 'இப்கோ இத்தா' என்று எழுத வரும்போது "முடிஞ்சுதா, இன்னும் நடக்குதா?" என்று ஒரு கேள்வி. முடிந்திருந்தால் ஜெ, நடந்தால் ட்ஸாய். அந்தக் கேள்வியைக் கொரிய மொழியிலேயே கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.