நிரலைப் படிக்க இயந்திரத்துக்கும் இலக்கணம் வேண்டும்

மென்பொருள் துறையில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் வேலை மாறிவிட்டது. முன்பு பாதி எழுதிய வரியை முடித்துக் கொடுத்தன. இப்போது ஒரு நிறுவனத்தின் நிரல் முழுவதையும் ஆராய்ந்து, பிழையைக் கண்டுபிடித்து, திருத்தியும் தருகின்றன. இதில் எழுதுவதைவிடப் படிப்பதுதான் கடினம்.

ஒரு வங்கியின் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பார்க்கும் திரை டைப்ஸ்கிரிப்டில் இருக்கும், இடையில் ஜாவா, தரவுத்தளத்தில் எஸ்க்யூஎல், அடித்தளக் கணக்குகள் இன்னமும் கோபோலில் ஓடக்கூடும். இந்த லட்சக்கணக்கான வரிகளை ஒரு மொழி மாதிரியிடம் அப்படியே கொட்டிவிட முடியாது. கொட்டினாலும் பலன் குறைவு. நீண்ட உரையின் தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ள தகவலை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு காட்டியது. எனவே எந்தப் பகுதியைக் காட்டுவது என்று முதலில் தேர்ந்தாக வேண்டும்.

அந்தத் தேர்வு பல இடங்களில் மேலோட்டமாகவே நடக்கிறது. கோப்பை இத்தனை வரிக்கு ஒரு துண்டு என்று வெட்டி, கேள்வியோடு ஒத்துப்போகும் துண்டுகளை எடுத்துக் கொடுக்கிறார்கள். இதில் ஒரு ஃபங்ஷன் இரண்டாக அறுபடலாம். வட்டி கணக்கிடும் நிரலைக் கேட்டால், அதைப் போலத் தோற்றமளிக்கும் வேறொன்று வரும். கேட்ட நிரலை அழைக்கும் பகுதி வராது. ஒத்திருப்பது வேறு, சார்ந்திருப்பது வேறு.

மனித மொழிக்கு இல்லாத ஒரு வசதி நிரல்மொழிக்கு உண்டு: இலக்கணம் பிசகினால் கம்பைலர் ஏற்காது. உறுதியாக அறியக்கூடிய ஒன்றை ஊகத்துக்கு விடுவானேன்? பல நிரல்மொழிகளையும் ஒரே முறையில் அலசி, கட்டமைப்பை மாதிரிக்கு எடுத்துத் தரும் பொது நிரலகம் (லைப்ரரி) இதற்காகவே தேவைப்படுகிறது.

அதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. கிட்ஹப் நிறுவனத்தில் ஆட்டம் என்ற எடிட்டருக்காக மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் உருவாக்கிய ட்ரீ-சிட்டர் என்ற பார்சர் (நிரலை அலசும் கருவி), 1990களில் பெர்க்லியில் டிம் வாக்னர் செய்த ஆய்வுகளை அடியொற்றியது. ஒரு வரி மாறினால் முழுக் கோப்பையும் மறுபடி அலசாது; நிரலின் அமைப்பைக் காட்டும் பழைய மரத்தில் மாறாத கிளைகளை அப்படியே வைத்துக்கொள்ளும். கோப்பில் பிழை இருந்தாலும் மற்ற பகுதியின் அமைப்பைச் சொல்லிவிடும். ஆட்டம் 2022 டிசம்பரில் கைவிடப்பட்டது. ட்ரீ-சிட்டரோ நியோவிம், ஈமேக்ஸ், ஜெட் என மற்ற எடிட்டர்களுக்கும் பரவியது. ஏய்டர் என்ற திறந்த மூலக் கருவி இதைக் கொண்டு நிரல் முழுவதன் வரைபடத்தைத் தயாரிக்கிறது; எதை எது அழைக்கிறது என்ற வலைப்பின்னலில் முக்கியமானவற்றைத் தரவரிசைப்படுத்தி, அவற்றின் சுருக்கத்தை மட்டும் மாதிரிக்குத் தருகிறது.

ஆனால் வடிவம் தெரிந்தால் பொருள் தெரிந்துவிடாது. 'சேமி' என்ற பெயரில் பத்து ஃபங்ஷன்கள் இருந்தால் இந்த வரி எதை அழைக்கிறது என்று இலக்கணம் மட்டும் சொல்லாது. அதற்கு அந்தந்த மொழியின் வகை விதிகள் வேண்டும். அவற்றை எடிட்டர்களுக்குக் கொண்டுசேர்க்க 2016இல் மைக்ரோசாஃப்ட் முன்வைத்த மொழிச் சேவையக நெறிமுறை வழிசெய்தது. அதுவும் ஒரு மொழியின் எல்லையில் நின்றுவிடுகிறது. டைப்ஸ்கிரிப்ட் ஓர் இணைய முகவரியை அழைக்கும். அதே முகவரி ஜாவாவில் ஒரு சரமாக எழுதப்பட்டிருக்கும். ஜாவா நிரலுக்குள் இருக்கும் எஸ்க்யூஎல் வாசகமும் வெறும் சரமே. மொழிகள் சந்திக்கும் இந்த மூட்டுகளை எந்தத் தனிமொழிக் கருவியும் முழுமையாகப் பார்ப்பதில்லை. பன்மொழி நிரலகம் தன் உழைப்பைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான்.

இங்கே நேர்மை முக்கியம். அழைக்கப்படும் பெயரே நிரல் ஓடும்போதுதான் உருவாகும் இடங்கள் உண்டு. அங்கே முன்கூட்டியே உறுதி சொல்ல முடியாது. ஆகவே நிரலகம் தரும் ஒவ்வொரு தொடர்பிலும் அது எப்படித் தெரியவந்தது என்ற குறிப்பு இருக்க வேண்டும்: கம்பைலர் விதிப்படி உறுதியானதா, பெயர் ஒற்றுமை மட்டுமா, ஊகமா? உண்மை என்ற பெயரில் ஓர் ஊகத்தைக் கொடுத்தால், மாதிரி அதைத் தயக்கமின்றித் திருத்தமாக மாற்றிவிடும்.

சாதாரணச் சொல் தேடலே போதும், மாதிரிகள் வளர்ந்தால் மற்றது தானே சரியாகும் என்று சிலர் வாதிடுகிறார்கள். சொல் தேடல் வலுவான கருவிதான். இலக்கணம் எழுதப்படாத கோப்புகளில் அதுவே துணை. ஆனால் பெரிய நிரலில் ஒரு பொதுப்பெயரைத் தேடினால் ஆயிரக்கணக்கில் விடை வரும். அத்தனையையும் மாதிரி படிப்பதற்குப் பணமும் மின்சாரமும் செலவாகும். மாதிரி எவ்வளவு வளர்ந்தாலும், கணக்கிட்டு அறியக்கூடியதைக் கணக்கிடுவதே மலிவு, நம்பகமும்கூட.

தமிழருக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. 'தமிழ்' என்ற சொல்லில் எழுத்துகள் 3, யூனிகோடு குறிகள் 5, யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகள் 15. ட்ரீ-சிட்டர் இடத்தைப் பைட்டுகளில் எண்ணுகிறது. மொழிச் சேவையக நெறிமுறையோ யுடிஎஃப்-16 அலகுகளில் எண்ணிவந்தது, 2022இல் வந்த 3.17 பதிப்பில்தான் வேறு கணக்குக்கு இடமளித்தது. இரண்டையும் இணைக்கும் நிரலகம் இதில் சறுக்கினால், தமிழ் வாசகம் உள்ள வரியில் திருத்தம் தவறான இடத்தில் விழும். ஆங்கிலக் கோப்புகளில் மட்டும் சோதிப்பவர்களின் கண்ணில் இது படாது.

செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. பெரும்பாலான மொழிகளுக்கான இலக்கணங்களைத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். மொழி மாறும்போதெல்லாம் அவற்றையும் புதுப்பித்தாக வேண்டும். இவற்றால் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் அந்த உழைப்புக்கு நிதி தர வேண்டும். மாதிரிகளைச் சோதிக்கும் அளவுகோலும் விரிய வேண்டும்: 2023இல் வந்து புகழ்பெற்ற எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் தேர்வின் 2,294 சிக்கல்களும் 12 பைத்தான் திட்டங்களிலிருந்தே எடுக்கப்பட்டவை. அதில் பெறும் மதிப்பெண் கோபோலுக்கு உத்தரவாதம் ஆகாது. நம் பொறியியல் கல்லூரிகளில் கம்பைலர் டிசைன் பாடம் இருக்கிறது; மாணவர்கள் பொம்மைப் பார்சர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்தத் திறந்த மூல இலக்கணங்களுக்குச் சோதனைகள் எழுதலாம், பிழை திருத்தலாம்.

இயந்திரம் தரும் திருத்தத்துக்கு ஒப்புதல் அளிப்பவர் ஒரு பொறியாளர். நாளை கணக்கு தவறினால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. எந்த ஆதாரத்தில் இந்தத் திருத்தம் வந்தது என்று சரிபார்க்கும் வசதியை அவருக்குத் தராத கருவியை, மற்றவர்களின் பணம் புழங்கும் நிரலில் அனுமதிக்கக் கூடாது.