பட்டாவில் இல்லாத பாட்டி

இரவு உணவு முடிந்து குடும்பத்தார் அனைவரும் ஒன்றாய் அமர்ந்திருக்கும் வேளையில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பிள்ளைகளிடம் அவர்களுடைய பாட்டனாரின் பெயரைக் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். பாட்டனாருடைய தந்தையின் பெயரைக் கேளுங்கள். தாயின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தக் கொள்ளுப்பாட்டனாருக்கு வாழ்க்கைப்பட்டவளின் பெயரைக் கேட்டாலோ, தாயும் தந்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். புளியமரத்துக் கொல்லைக்கும் மேட்டுக் கழனிக்கும் பெயர் நிலைத்திருக்கிறது. அவற்றில் களை பறித்துக் குடும்பத்தை வாழவைத்தவளுக்கு மூன்று தலைமுறைக்குள் பெயர் இல்லாமற் போகிறது.

அரசர்க்குக் கல்வெட்டு உண்டு, ஜமீன்தார்க்கு வம்சாவளி உண்டு. ஏர் பிடித்தவனுக்கு வரலாறு ஏது என்று நம்மவர் கேட்பதுண்டு. அது சரியன்று. எடுத்துக்காட்டாக, கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில், எழுபது வயதைக் கடந்த கத்தோலிக்கக் குடியானவர் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். தம் குடும்ப வரலாற்றை எழுதிவைக்க அவர் விரும்புகிறார். எங்கிருந்து தொடங்குவார்?

முதலில் தம் நினைவிலிருந்து தொடங்கலாம். நினைவுக்கு ஆண்டுக் கணக்கு தெரியாது. நிகழ்ச்சிக் கணக்குத்தான் தெரியும். “அணை கட்டுகிற காலத்தில் பிறந்தவள் உன் அத்தை” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். கோமுகி அணை 1960-களில் எழுந்தது. ஆகவே அத்தையின் வயது ஒருவாறு விளங்கிவிடும். 46 அடி நீர் தேக்கும் அவ்வணையால் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெற்றது. கவலை ஏற்றி மாடுகளோடு மாடாய் உழைத்த தந்தையார், வாய்க்காலில் தண்ணீர் வந்ததைக் கண்டபோது என்ன சொன்னார்? முதன்முதலாகக் கரும்பு வைத்தது எந்தக் கழனியில்? கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வந்தபின், வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்த நாட்கள் எத்தகையன? இவை எந்த அலுவலகத்திலும் கிடைக்கமாட்டா. அறிந்தவர் கண் மூடுமுன் கேட்டு எழுதினாலன்றி அவற்றுக்கு வேறு புகலிடம் இல்லை.

அடுத்துத் தாள்கள். பரணிலுள்ள தகரப் பெட்டியில் பட்டா, கிரயப் பத்திரம், தீர்வை ரசீது ஆகியவை இருக்கும். 1979 முதல் 1987 வரை தமிழகத்தில் நிலவுடைமைப் பதிவுகள் புதுப்பிக்கப்பட்டபோது பட்டா எண்களும் பலவிடத்துப் பெயர்களும் மாறின. எனவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே எழுதிக்கொள்ள வேண்டும். ஊர்க் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த கர்ணம் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். மாவட்டமும் மாறிற்று. பாட்டனாரின் பத்திரம் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு என்று சொல்லும். 1993-இல் அது பிரிந்து விழுப்புரம் வந்தது. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சியே மாவட்டமாயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மாவட்டத் தலைநகர் மட்டும் மூன்றாகிவிட்டது. இதை அறியாதவர், பழைய பத்திரத்தைக் கண்டு, “இது வேறு ஊராக இருக்குமோ?” என்று மயங்குவர்.

ஆயினும் நிலத்தாளுக்கு ஒரு குறை உண்டு. உடையவனை மட்டுமே அது அறியும், உழைத்தவனை அறியாது. குத்தகைக்கு உழுதவர், பண்ணையாளாய் இருந்தவர், நாற்று நட்டவள் ஆகியோரின் பெயரைப் பட்டாவில் தேடுவது வீண். நிலம் உடைய வீட்டிலும் மனைவியின் பெயர் பெரும்பாலும் அதில் ஏறுவதில்லை.

அந்தக் குறையை ஓரளவு நிறைவு செய்வது நம் பங்குக் கோயிலின் அலமாரியில் உறங்கும் திருமுழுக்குப் பதிவேடு. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் இட்ட கட்டளையின் பயன் அது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 535-ஆம் சட்டமும் பங்குதோறும் பதிவேடுகள் இருக்கவேண்டும் என்றும், பழைய ஏடுகளைக் கருத்தாய்ப் பாதுகாக்கவேண்டும் என்றும் பணிக்கிறது. கள்ளக்குறிச்சிப் பகுதி புதுவை மறைபரப்புத் தளத்தைச் சார்ந்தது. 1776 முதல் பாரிசு அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் அங்கே உழைத்தனர்; 1886-இல் புதுவை உயர்மறைமாவட்டமாயிற்று; 1953-இல் புதுவை–கடலூர் என்னும் பெயர் பெற்றது. ஆகவே பழைய பதிவுகளை இலத்தீனில் காண நேரிட்டால் வியப்பில்லை. அவற்றைப் படிக்க ஒரு திறவுகோல் வேண்டும். பேத்ருஸ் என்று கண்டால் இராயப்பன். பவுலுஸ் என்றால் சின்னப்பன். யோவான்னஸ் என்றால் அருளப்பன். யாக்கோபுஸ் என்றால் யாகப்பன். அலோயிசியுஸ் என்றால் ஞானப்பிரகாசம். கோயில் ஏட்டில் பேத்ருஸ், வீட்டில் இராயப்பன், பட்டாவில் சின்னத்தம்பி என்று ஒரே மனிதர் மூன்று பெயரோடு நிற்பதும் உண்டு. தந்தை பெயரையும் ஊர்ப் பெயரையும் ஒத்துப் பார்த்தே ஆளைத் துணிய வேண்டும்.

அப்பதிவில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், திருமுழுக்குப் பெற்ற நாள், தந்தை, தாய், ஞானப் பெற்றோர் ஆகிய விவரங்களைக் காணலாம். பிற்காலத்தில் அக்குழந்தை வளர்ந்து மணம் புரிந்த செய்தியும் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மகளை அந்த ஓரக் குறிப்பைக் கொண்டே தேடிக் கண்டுபிடிக்கலாம். கழனி உடையவரின் பிள்ளையும், அதே கழனியில் கூலிக்கு நட்டவளின் பிள்ளையும் அந்த ஏட்டில் அடுத்தடுத்த எண்களில் இடம்பெறுவர். கோயில் இருக்கையிலும் கல்லறையிலும் சாதியால் கோடு கிழித்த அவலம் நம் பங்குகளில் இருந்தது. அதை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது. மனிதர் கிழித்த கோட்டை நாள் வரிசையில் எழுதிய ஏடு ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஏடுகள் 1876 முதல் 1878 வரையிலான ஆண்டுகளுக்கு எட்டுமாயின், தாது வருடப் பஞ்சத்தின் சுவடுகள் அவற்றில் தென்படும். அப்பஞ்ச காலத்திலும் அதையடுத்தும் புதுவைத் தளத்தில் மிகப் பலர் திருமுழுக்குப் பெற்றனர். “கஞ்சிக்கு வேதத்தில் சேர்ந்தவர்கள்” என்னும் ஏச்சுக்கு அஞ்சி, இதைச் சில குடும்பங்கள் பேசுவதே இல்லை. இதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது? பசித்த தாய் தன் பிள்ளையை உயிரோடு காத்தாள் என்பதே அதன் பொருள். அவள் காத்திராவிடில் இதை எழுதுவோரும் படிப்போரும் இல்லை.

பஞ்சமும் கடனும் சிலரைக் கப்பலேற்றின. “தம்பி ஒருவன் தீவுக்குப் போனான், திரும்பவில்லை” என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் இருக்கலாம். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-இல் டர்பனை அடைந்தது முதல், நாட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவை பட்டியலாக உள்ளன. மொரீசியசுக்குச் சென்றோரின் பதிவுகள் அந்நாட்டின் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் காக்கப்படுகின்றன. அங்குள்ள பேரர்கள் இங்கே தம் ஊரைத் தேடுகிறார்கள். இங்குள்ள நாமோ போனவரின் பெயரையே மறந்துவிட்டோம்.

இனி, சற்றே தலை நிமிர்ந்து மலையைப் பார்ப்போம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய உடன்பிறந்தாரின் வழிவந்தோர் தாங்கள் என்று சொல்லிவருகின்றனர். இம்மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் எனப்பட்ட மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1976-இல், அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அதுவரை குடிகள் ஜாகிர்தாருக்குக் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. சாமையும் தினையும் விதைத்த நிலத்துக்கு அவர்களிடம் பட்டா ஏது? அடிவாரத்துக் குடியானவருக்குத் தகரப் பெட்டி உண்டு. மலைமேல் இருப்பவருக்குப் பாட்டியின் வாய்மொழி ஒன்றே பெட்டி.

அவ்வாய்மொழியை எளிதாக எண்ணிவிட வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட விதிகள், ஊர் மூத்தோர் சொல்லி எழுத்தில் வடித்த வாக்குமூலத்தையும், பழைய பதிவுகளில் உள்ளோரோடு ஒருவரை இணைத்துக் காட்டும் வம்சாவளியையும் சான்றுகளாக ஏற்கின்றன. பாட்டனார் யார், எங்கே பயிரிட்டார் என்று சொல்லத் தெரிந்த வீட்டுக்கு அந்நினைவே நிலத்தைக் காக்கும் வேலி.

நம் குடியானவர் இப்போது எழுதத் தொடங்குகிறார். ஒரு பெருமரம் வரைந்து, அடியில் கொள்ளுப்பாட்டனாரையும், கிளைகளில் மகன்களையும் பேரன்களையும் எழுதுகிறார். மகள்கள் எங்கே? “அவர்கள் வேறு வீட்டுக்குப் போனவர்கள்” என்பார். இங்கேதான் நாம் அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். புனித மத்தேயு எழுதிய தலைமுறை அட்டவணை, தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகியோரையும் சேர்த்துக்கொண்டே மரியாவிடம் வந்து சேருகிறது. அவர்களுள் அயல்நாட்டாரும் உண்டு. ஊர் பழித்தவரும் உண்டு.

மகள்களை விட்டுவிடுவது மரத்தின் அழகை மட்டும் கெடுப்பதன்று. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர் மனைவிக்கும், எஞ்சியது மகன் மகள் என்ற வேற்றுமையின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். எனினும், சீரும் நகையும் கொடுத்தாயிற்று என்று சொல்லி, சகோதரிகளை அழைத்துவந்து விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவது நம் ஊர்களில் காணாத காட்சியா? மனமொப்பிக் கொடுத்தவர்களும் உண்டு; பிறந்த வீட்டு வாசல் அடைபடுமே என்று அஞ்சிக் கொடுத்தவர்களும் உண்டு. குடும்ப மரத்திலிருந்து ஒரு பெயர் விழும்போது, நிலத்திலிருந்தும் ஒரு பங்கு ஓசையின்றி விழுகிறது. ஆகவே இவ்வரலாற்றை நேர்மையாய் எழுத முற்படுவோர், தம் சகோதரியின் கண்களைப் பார்த்துப் பேசவும் துணிந்திருக்க வேண்டும்.

செய்யவேண்டியது பெரிதன்று. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருவர். ஆணாயினும் பெண்ணாயினும் ஒரே அளவு இடம். பிறந்த ஊர், பெற்றோர், மணம், செய்த தொழில், இறந்த ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். தெரிந்ததைத் தெரிந்ததாகவும், கேள்விப்பட்டதை இன்னார் சொன்னது என்றும் குறியுங்கள். பங்குத் தந்தையின் அனுமதியோடு பதிவேட்டைப் பாருங்கள், அங்கேயே குறிப்பெடுங்கள், பழைய தாள் நொறுங்கும், ஆகவே கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குலப்பெருமை பேசுவதற்கென்று எதையும் கூட்டவேண்டாம். மானக்கேடு என்று எதையும் நீக்கவும் வேண்டாம்.

இறந்தோர் நினைவு நாளாகிய நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் தோட்டத்தில் குடும்பங்கள் கூடும். புல்லைச் செதுக்கி, மெழுகுவர்த்தி ஏற்றி, பூமாலை சாற்றும்போது, அங்கே நிற்கும் மிக மூத்தவரிடம் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சிலுவை விழுந்து, பெயரும் அழிந்து கிடக்கும் மண்மேட்டைக் காட்டி, “இங்கே இருப்பது யார்?” என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் பெயரை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.