வேட்டியின் அகலமும் உடலின் சுற்றளவும்

நமது விற்பனை நிலையத்தில் சில காலமாக ஒரு புகார் ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது. "முன்பெல்லாம் நாலு முழம் வேட்டி தாராளமாக இரண்டு சுற்று வரும். இப்போது உட்கார்ந்தால் விலகுகிறது. சங்கத்தில் அளவைக் குறைத்துவிட்டீர்கள்" என்பதே அப்புகார். சொல்பவர்கள் வெளியார் மட்டுமல்லர். பருத்தி கொண்டுவந்து போடும் நம் அங்கத்தினர்களே அதைச் சொல்கிறார்கள். நெய்து கொடுத்த அங்கத்தினரின் நாணயத்தின் மீதே அது பழியாக விழுகிறது. ஆகவே இதை அலட்சியம் செய்வதற்கில்லை.

அடுக்கிலிருந்து கைக்குக் கிடைத்த வேட்டிகளை எடுத்து, புகார் சொன்னவர்களின் முன்னிலையிலேயே அளந்து பார்த்தோம். இரண்டொன்றில் நீளம் ஓர் அங்குலம் குறைந்திருந்தது உண்மை. அது தவறு, நெய்தவருக்கு அது சொல்லப்பட்டுவிட்டது. மற்றவை யாவும் நீளத்திலும் அகலத்திலும் பழைய அளவே. அங்குல நாடாவை மடக்கி வைக்குமுன், புகார் சொன்ன பெரியவர் ஒருவர் தாமே அதை வாங்கித் தம் இடுப்பைச் சுற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

கணக்கு எளியது. முழம் ஒன்றுக்கு 18 அங்குலம் என்ற பழைய கணக்கில் நாலு முழம் 72 அங்குலமாகும். இடுப்பின் கீழ்ச்சுற்று 36 அங்குலம் உள்ளவருக்கு அது சரியாக இரண்டு சுற்று. அதே மனிதருக்குச் சுற்றளவு 44 அங்குலமானால், ஒரு சுற்றுப் போக மேலே மடிந்து நிற்பது 28 அங்குலந்தான். நிற்கும்போது இது தெரியாது. சம்மணமிட்டு உட்காரும்போது தெரியும். புடவையில் இழப்பு இன்னும் அதிகம். உடலை இருமுறை சுற்றுவதால், சுற்றளவு 6 அங்குலம் கூடினால் துணியில் 12 அங்குலம் போய்விடுகிறது. கொசுவத்தில் ஒரு மடிப்புக் குறையும், அல்லது முந்தானை முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். ஐந்தரை மீட்டர்ப் புடவை சிறுத்துவிட்டதாகத் தாய்மார்கள் சொல்வதன் உட்பொருள் இதுவே. புடவையோடு சேர்த்து நெய்யும் 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துண்டு போதவில்லை என்று தையற்காரர்கள் திருப்பியனுப்புவதும் இதனால்தான்.

இது நம் ஊர் விஷயம் மட்டுமன்று. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் அதிக எடையுள்ளவர்கள் 2015-16 ஆம் ஆண்டில் 100க்கு 30.9 பேர், 2019-21 இல் 40.4 பேர். ஆண்களில் அதே காலத்தில் 28.2 என்பது 37.0 ஆயிற்று. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 25 அல்லது அதற்கு மேலாக இருப்பதையே அவர்கள் அதிக எடை என்கிறார்கள். ஐந்தடி நாலங்குல உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 66 கிலோவில் தொடங்குகிறது. அதே 2019-21 ஆய்வில், எடை போதாமல் மெலிந்திருக்கும் பெண்களும் 100க்கு 12.6 பேர் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. குழித்தறியில் அமர்ந்து நெய்பவர்களில் அவ்வகையினரை நாம் நிறையவே காண்கிறோம். ஆக, ஒரே அளவு வேட்டியை நெய்து அடுக்கி வைத்துவிட்டு, ஊரார் அனைவரும் அதற்கேற்ற உடலோடு வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் காலம் போய்விட்டது.

உடல் ஏன் பெருத்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது உணவையும் உழைப்பையும் பற்றியது. வைத்தியர்கள் சொல்ல வேண்டியது. துணி விற்பவனுக்கு அதில் உபதேசம் செய்ய உரிமை கிடையாது. கடையில் பத்துப் பேர் நடுவில், "இது உங்களுக்குப் பத்தாது அம்மா, உங்கள் உடம்புக்குப் பெரிய அளவுதான் வேண்டும்" என்று உரக்கச் சொல்லும் விற்பனையாளரை நாம் கண்டதுண்டு. அந்த அம்மையார் மறுபடி அக்கடைக்கு வந்திருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஆனால், மனத்தை நோகடிக்காதிருக்க வேறொரு வழியைச் சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் அங்கத்தினர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். இதன் கதையை அமெரிக்காவில் நன்றாகக் காணலாம்.

அங்கே ஆயத்த உடைகளைத் தபாலில் விற்ற கம்பெனிகள், அளவு பொருந்தாமல் திரும்பிவரும் சரக்கினால் பெருநஷ்டம் அடைந்தன. ஒருவர் போடும் அளவு எண்ணுக்கும் மற்றொருவர் போடும் எண்ணுக்கும் ஒற்றுமையில்லை. முதன்முதலில் இதை முறைப்படுத்த அளவெடுக்கப் புறப்பட்டது எந்த இலாகா தெரியுமா? விவசாய இலாகா! 1939-40 இல் அவ்விலாகாவின் குடும்பப் பொருளியல் பிரிவு, ஏறக்குறைய 15,000 பெண்களுக்கு ஆளுக்கு 59 இடங்களில் அளவெடுத்து, 1941 இல் அறிக்கை வெளியிட்டது. அதிலும் ஒரு குறை உண்டு; வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். எனினும் அவ்வளவுகளை ஆதாரமாக வைத்து 1958 இல் ஒரு தர அளவுப் பட்டியல் ஏற்பட்டது. அதில் 8 ஆம் எண் உடை என்றால் மார்பு 31 அங்குலம், இடை இருபத்துமூன்றரை அங்குலம்.

பிறகு நடந்தது என்ன? 1960-62 இல் அமெரிக்கப் பெண்ணின் சராசரி எடை 140 பவுண்டு. 2015-18 இல் 170 பவுண்டுக்கும் மேல். உடல் வளர வளர, வாங்குபவர் மனம் கோணக் கூடாதென்று, பெரிய உடைக்குச் சிறிய எண்ணைப் போட்டு விற்கத் தலைப்பட்டார்கள். 1983 இல் அரசாங்கம் அந்தப் பட்டியலையே கைவிட்டது. இன்று அங்கே 8 என்று விற்கும் உடை, 1958 இன் கணக்கில் ஏறக்குறைய 16 ஆம் எண்ணுக்குச் சமம். படியைச் சிறிதாக்கிவிட்டு அதே படியென்று அளந்து போடும் வியாபாரியை நாம் அறிவோம். இவர்கள் படியைப் பெரிதாக்கிப் பழைய பெயரைச் சொல்கிறார்கள். கொடுப்பது கூடுதல்தானே, நஷ்டம் யாருக்கு என்று கேட்கலாம். வாங்குபவர் எண்ணை நம்ப முடியாமல் ஒரே உடையை மூன்று அளவுகளில் வரவழைத்து, இரண்டைத் திருப்பியனுப்புகிறார். எந்த நஷ்டத்தைத் தவிர்க்க அளவெடுக்கப் புறப்பட்டார்களோ, அதே நஷ்டம் திரும்பி வந்துவிட்டது.

நம் நாட்டில் அந்நிய நாட்டு எண்களைப் பார்த்தே ஆயத்த உடைகள் தைக்கப்பட்டு வந்தன. நம் மக்களுக்கென அளவுப் பட்டியல் வகுக்க, ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம், 25,000 பேருக்கு மேற்பட்டவர்களை ஒளிக்கருவியால் அளவெடுக்கும் திட்டத்தை 2018 இல் அறிவித்தது. நல்ல முயற்சி. ஆயினும் அது பெருநகரங்களைக் கொண்டே வகுக்கப்பட்டது. வயல் வேலை செய்யும் உடலும் தறியில் அமரும் உடலும் அதில் எவ்வளவு இடம்பெறும் என்பது ஐயத்திற்குரியதே.

நமது சங்கம் சட்டைகளும் பாவாடைகளும் தைத்து விற்கத் தொடங்கியிருக்கிற இச்சமயத்தில், "சிறிது, நடுத்தரம், பெரிது" என்று சீட்டு ஒட்டலாமென ஒரு யோசனை வந்திருக்கிறது. நாம் அதற்கு உடன்படவில்லை. நடுத்தரம் என்பது யாருடைய நடுத்தரம்? மார்பு இத்தனை அங்குலம், நீளம் இத்தனை அங்குலம் என்று சென்டிமீட்டரோடு சேர்த்து அச்சிட்டால் போதும். அதுவும் நனைத்து உலர்த்திய பிறகு உள்ள அளவாக இருக்க வேண்டும். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்குமென்பதை நாம் அறிவோம். வாங்குபவர் ஏன் அதை வீட்டுக்குப் போய் அறிந்துகொள்ள வேண்டும்? அங்குலம் யாரையும் புகழ்வதுமில்லை, இகழ்வதுமில்லை.

வேட்டியின் விஷயம் இதைவிடச் சிக்கலானது. நீளத்தைக் கூட்டுவது எளிது. பாவில் அறுக்கும் இடத்தைத் தள்ளி வைத்தால் ஆயிற்று. அகலம் அப்படியன்று. வயிறு பெருத்தவருக்கும், இக்கால வாலிபர்களில் நெடிது வளர்ந்தவர்களுக்கும் 50 அங்குல அகலம் கணுக்காலுக்கு எட்டுவதில்லை. 54 அங்குலம் கேட்கிறார்கள். அங்குலத்திற்கு 72 இழை என்று வைத்துக்கொண்டால், 50 அங்குலத்திற்கு 3,600 இழை; 54 க்கு 3,888. பாவில் மட்டும் 288 இழை கூடுகிறது. ஊடையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் 4 அங்குலம் கூடுதலாக ஓடவேண்டும். ஆக, நூல் 100க்கு 8 பங்கு அதிகம். நூல் விலையையாவது வேட்டி விலையில் சேர்த்துவிடலாம். வேறு அச்சு வேண்டும், விழுது வேண்டும், அத்தனை இழையையும் புதிதாகக் கோக்க வேண்டும். நெய்யும்போது துணி அகலத்தில் சுருங்குமாதலால் அச்சு 54 அங்குலத்தையும் தாண்டியிருக்க வேண்டும். பழைய பலகையுள்ள தறிகள் பலவற்றில் அதற்கு இடமே இல்லை. நாடா கூடுதல் தூரம் ஓடுவதால் கையும் கூடுதலாக உழைக்கிறது.

கூலியோ வேட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்றே நிற்கிறது. அகலம் கூடினாலும் வேட்டி ஒன்று ஒன்றுதான் என்ற கணக்கு நியாயமன்று. ஊரார் உடல் பெருத்ததன் செலவை மெலிந்த நெசவாளி தம் தோளில் சுமப்பதை நமது சங்கம் அனுமதிக்கலாகாது. அகலத்திற்கேற்ற கூலி விகிதத்தை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் 54 அங்குல வேட்டிக்குப் பாவு கொடுக்க வேண்டும். பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. துணி பெருத்தால் பஞ்சும் கூடுதலாகவே செல்லும். எனவே பேரவையில் அவர்கள் நெசவாளர் பக்கம் நிற்பார்களென்று நம்புகிறோம்.

எல்லாத் தறிகளையும் மாற்ற வேண்டியதில்லை. விற்பனை நிலையத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, அளவு கிடைக்காமல் திரும்புகிறவர்கள் என்ன அளவு கேட்டார்கள் என்பதை, பெயரைக் கேளாமல், மூன்று மாதம் எழுதி வரட்டும். எத்தனை தறிகளுக்கு அகல அச்சு வேண்டுமென்பது அதிலிருந்து தெரிந்துவிடும். அச்சும் பலகையும் மாற்றும் செலவைச் சங்கம் ஏற்பதா, நெசவாளரின் கூலியில் தவணையாகப் பிடிப்பதா என்ற கேள்வி அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திற்கு வருகிறது. தவணையாகப் பிடிப்பதை நாம் எதிர்க்கிறோம்.