வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம், அரட்டை: உங்கள் பேச்சு எதில் பத்திரமாக இருக்கும்?

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்ததும், பலர் அவசரமாக சிக்னலை டவுன்லோட் செய்தார்கள். நீங்களும் செய்திருக்கலாம். ஆனால் குடும்ப குரூப், அபார்ட்மென்ட் குரூப், பிள்ளையின் ஸ்கூல் குரூப் எல்லாம் இன்னும் வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறது? இந்தியாவில் 50 கோடிக்கும் அதிகமானோர் இருக்கும் இடத்தைவிட்டு ஒருவர் மட்டும் வெளியேறுவது கஷ்டம். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம்: எந்தப் பேச்சுக்கு எந்தச் செயலி?

பூட்டு எதில் இருக்கிறது?

'எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன்' இருந்தால், செய்தி உங்கள் போனிலும் பெறுபவர் போனிலும் மட்டுமே திறக்கும். நடுவில் உள்ள நிறுவனத்தால்கூட படிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் 2016 முதல் எல்லோருக்கும் இது உண்டு. அதற்கான தொழில்நுட்பம் சிக்னலுடையதுதான்.

டெலிகிராமில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதன் சாதாரண சாட்டுகளுக்கும் குரூப்களுக்கும் இந்தப் பூட்டு கிடையாது. நீங்களாகத் தொடங்கும் 'சீக்ரெட் சாட்'டுக்கு மட்டுமே உண்டு, அதுவும் இருவருக்கிடையே மட்டும். சோஹோவின் 'அரட்டை' 2025 செப்டம்பரில் திடீரெனப் பிரபலமானபோது, அழைப்புகளுக்குப் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. உள்நாட்டுச் செயலி என்பதும் பூட்டிய செயலி என்பதும் வேறு வேறு. உங்கள் சாட் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பூட்டு இருந்தால் போதுமா?

போதாது. ஒரு புற்றுநோய் மருத்துவருக்கு ஒரே வாரத்தில் இருபது மெசேஜ் அனுப்பினால், உள்ளே என்ன எழுதினீர்கள் என்று யாரும் படிக்கவே தேவையில்லை. யாருடன், எப்போது, எத்தனை முறை என்ற தகவலே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அந்த 2021 கொள்கைக்காக, பயனர் தரவை மெட்டாவின் மற்ற நிறுவனங்களுடன் பகிர்வதை ஏற்கக் கட்டாயப்படுத்தியது என்று, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டெலிகிராம், அதன் நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்டில் பிரான்ஸில் கைதான பிறகு, சட்டப்படி கேட்டால் ஐபி முகவரியையும் போன் எண்ணையும் தருவதாக விதியை மாற்றிக்கொண்டது. சிக்னலிடம் 2021-இல் அமெரிக்காவில் ஒரு பயனரின் தகவல்களைக் கேட்டபோது, கொடுக்க இருந்தவை இரண்டுதான்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள்.

பிறகு சாட் எப்படி லீக் ஆகிறது?

பெரும்பாலும் பூட்டை உடைத்து அல்ல. திறந்த போன், ஸ்கிரீன்ஷாட், பேக்கப் ஆகிய மூன்று வழியாகத்தான். வாட்ஸ்அப் சாட் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும்போது, அந்த பேக்கப்புக்கு நீங்கள்தான் தனியாகப் பூட்டு போட வேண்டும். அந்த வசதி 2021 முதல் செட்டிங்ஸில் இருக்கிறது. போனும் தொலைந்து, பாஸ்வேர்டும் மறந்துபோனால் பழைய சாட் திரும்பாது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்?

● அன்றாடப் பேச்சுக்கு வாட்ஸ்அப் போதும். பேக்கப் பூட்டையும் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷ'னையும் இன்றே ஆன் செய்யுங்கள்.
● உடல்நலம், வழக்கு, வேலையிடப் புகார் போன்றவற்றுக்கு சிக்னல். செய்திகள் தானாக மறையும் வசதியையும் போட்டுவிடுங்கள். பதிவு செய்ய போன் எண் தேவை. ஆனால் 2024 முதல் யூசர்நேம் வைத்து எண்ணை மற்றவர்களிடம் மறைக்கலாம்.
● டெலிகிராம் சேனல்களைப் படிக்க வசதியானது. அந்தரங்கத்தை அங்கே எழுத வேண்டாம்.

இந்தப் பூட்டே நிரந்தரமா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டறியக் கோரும் 2021 ஐடி விதியை எதிர்த்து வாட்ஸ்அப் நீதிமன்றம் சென்றது. என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் இந்தியாவில் இருக்க முடியாது என்று 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது.

ஊரையே சிக்னலுக்கு இழுக்க வேண்டியதில்லை. எந்த ஒருவருடனான பேச்சு வெளியே போனால் உங்களுக்குச் சிக்கலோ, அவரை மட்டும் அழைத்துச் செல்லுங்கள்.