திறந்தவெளிக் களஞ்சியமும் அயலவர் கிணறும்

தன் காணியில் தான் எதையும் குவிக்கலாம் என்னும் வாதம் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பொருந்தாது. இங்கு வற்றாத ஆறில்லை. சுண்ணக்கற் பாறையில் தேங்கும் மழைநீரே தோட்டத்திற்கும் வீட்டிற்கும் ஆதாரம். வேலி நிலத்தைப் பிரிக்கும். நிலத்தடி நீரைப் பிரிக்குமோ?

சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளிற் கலந்த வழக்கில், 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. நட்டஈடு கெட்ட நீரைத் தெளிவிக்குமோ?

ஆகவே, தொழிற்சாலை முற்றத்தில் எண்ணெயோ இரசாயனமோ திறந்தவெளியில் வைக்க அனுமதி கோரப்படின், அயற் கமக்காரருக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். நீர் ஊறாத சீமெந்துத் தளமும் கசிவைத் தடுக்கும் சுற்றணையுமின்றி எவருக்கும் விதிவிலக்கு அளித்தலாகாது.

தொழிலை நாம் எதிர்க்கவில்லை. நம் இளைஞருக்கு வேலை வேண்டும். ஆனால், அனுமதிப் பத்திரத்தில் ஒப்பமிடும் அதிகாரி, அதற்குமுன் அயற் கிணற்றில் ஒரு வாய் நீர் அருந்திப் பார்ப்பாராக.